ஐந்தாவது நோக்கம்: தமிழ்நாட்டின் காலை உணவுத் திட்டம் குறித்து ஒரு நிகழ்வு ஆய்வு

2022ஆம் ஆண்டு ஜூலையில் தமிழ்நாடு அரசு வெளியிட்ட ஓர் அரசாணையில் ஐந்து நோக்கங்கள் வரிசையாகச் சொல்லப்பட்டிருந்தன. பிள்ளைகள் பசியின்றிப் பள்ளிக்கு வர வேண்டும். ஊட்டச்சத்துக் குறைபாட்டால் அவர்கள் பாதிக்கப்படக் கூடாது. ஊட்டச்சத்து நிலை உயர வேண்டும், குறிப்பாக இரத்தசோகை நீங்க வேண்டும். பள்ளி வருகை கூட வேண்டும், வந்தவர்கள் இடையில் நின்றுவிடக் கூடாது. ஐந்தாவதாக, வேலைக்குச் செல்லும் தாய்மார்களின் பணிச்சுமை குறைய வேண்டும்.

முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் பற்றி இதுவரை நடந்த பேச்சில் பெரும்பகுதி முதல் நான்கைப் பற்றியது. மேடையிலும் சட்டமன்றத்திலும் நாளேட்டிலும் பசியும் வருகைப் பதிவும்தான் பேசப்படுகின்றன. ஐந்தாவது நோக்கம் பட்டியலின் கடைசியில் ஒரு வரியாகவே நின்றுவிட்டது. இந்த ஆய்வில் திட்டத்தை அந்தக் கடைசி வரியிலிருந்து தொடங்கிப் படித்துப் பார்க்கிறேன். தொடக்கப் பள்ளி ஒன்று குடும்பத்துக்கு எந்த அளவுக்குத் துணை நிற்க முடியும் என்ற கேள்விக்கு அண்மைக் காலத்தில் நமக்குக் கிடைத்த மிகப் பெரிய சோதனைக்களம் இதுதான் என்று கருதுகிறேன்.

பள்ளி கேட்பதும் கொடுப்பதும்

பிள்ளையை முதல் வகுப்பில் சேர்க்கும் நாளிலிருந்து பள்ளி குடும்பத்திடம் பலவற்றைக் கேட்கிறது. பிறப்புச் சான்றிதழ், ஆதார், சாதிச் சான்றிதழ், குடும்ப அட்டை நகல், உதவித்தொகைக்கு வங்கிக் கணக்கு, ஓடிபி வருகிற கைப்பேசி எண். ஒவ்வொன்றுக்கும் யாராவது ஒருவர் வேலையை விட்டுவிட்டு இ-சேவை மையத்தில் வரிசையில் நிற்க வேண்டும். அந்த ஒருவர் பெரும்பாலும் தாய்தான்.

கூட்டங்களும் உண்டு. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்க வேண்டும் என்கிறது. உறுப்பினர்களில் முக்கால் பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். 2022இல் தமிழ்நாடு இந்தக் குழுக்களை மாநிலம் முழுக்க மறுகட்டமைப்பு செய்தபோது தலைவர் பொறுப்பில் தாய்மார்களை அமர்த்தியது. நல்ல ஏற்பாடு. ஆனால் வெள்ளிக்கிழமை பிற்பகல் கூட்டத்துக்கு வர வேண்டுமென்றால் நாள்கூலிக்குப் போகிற பெண்ணுக்கு அன்றைய கூலியில் அடி விழும். சட்டம் அவளுக்குக் கொடுத்த அதிகாரத்தைப் பயன்படுத்த அவள் தன் கையிலிருந்து காசு கொடுக்க வேண்டியிருக்கிறது.

கொடுப்பவையும் குறைவல்ல. பாடநூல், நோட்டு, சீருடை, புத்தகப்பை, காலணி, வண்ணப் பென்சில், பஸ் பாஸ். ஒரு குடும்பத்தின் ஜூன் மாதச் செலவை இவை எவ்வளவு தாங்குகின்றன என்பது அந்தக் குடும்பங்களுக்குத் தெரியும். கொரோனா காலத்தில் பள்ளிகள் மூடிக் கிடந்து, 2021 நவம்பரில் சிறு வகுப்புகள் திறப்பதற்குச் சில நாட்களுக்கு முன் விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’ தெருத் திண்ணைகளில் மாலை வகுப்பு நடத்தியது. இவை எல்லாமே உதவிகள்தான். ஆனால் இவற்றில் எதுவும் காலை ஆறு மணிக்கும் ஒன்பது மணிக்கும் இடையில் ஒரு வீட்டுக்குள் நடப்பதைத் தொடவில்லை. அந்த மூன்று மணி நேரத்தை முதலில் தொட்டது காலை உணவுத் திட்டம்.

ஓரணாச் சிற்றுண்டி

பள்ளியில் சோறு போடும் யோசனை தமிழ்நாட்டில் ஒரு நூற்றாண்டு பழையது. 1920 செப்டம்பரில் சென்னை மாநகராட்சி மன்றம், அதன் தலைவராக இருந்த சர் பிட்டி தியாகராயர் காலத்தில், ஆயிரம் விளக்குப் பகுதியில் இருந்த மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி வழங்கத் தீர்மானம் நிறைவேற்றியது. தலைக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேல் போகக் கூடாது என்பது வரம்பு. பிறகு மேலும் நான்கு பள்ளிகளுக்கு விரிந்தது. 1922-23இல் 811ஆக இருந்த அந்த ஐந்து பள்ளிகளின் மாணவர் எண்ணிக்கை 1924-25இல் 1,671 ஆனது.

அத்துடன் நின்றது. தொடக்கக் கல்வி நிதியிலிருந்து சாப்பாட்டுக்குச் செலவு செய்வதை ஆங்கிலேய அரசு ஏற்கவில்லை. 1925 ஏப்ரல் முதல் சிற்றுண்டி இல்லை. கல்விக்கான பணம் கல்விக்கே என்ற கணக்குப் பார்வை அது. பிள்ளையின் வயிறு வீட்டின் பொறுப்பு, பிள்ளையின் படிப்பு பள்ளியின் பொறுப்பு என்று கோடு கிழித்தது அந்தப் பார்வை. அந்தக் கோட்டை அழிக்க எவ்வளவு காலம் ஆனது என்பதைப் பாருங்கள்: 1956இல் காமராசர் ஆட்சியில் மதிய உணவு, 1982 ஜூலை 1 அன்று திருச்சியை அடுத்த பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவு, 1989க்குப் பிறகு கருணாநிதி ஆட்சியில் முட்டை, 2001 நவம்பர் 28 அன்று நாடு முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் சமைத்த மதிய உணவு தர வேண்டும் என்ற உச்ச நீதிமன்ற ஆணை. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை காலை உணவும் வேண்டும் என்று எழுதியது. எழுதியதோடு சரி, அதற்கென ஒன்றிய அரசின் நிதி வரவில்லை. தமிழ்நாட்டின் காலை உணவு முழுக்க மாநில நிதியில்தான் நடக்கிறது.

அந்த மூன்று மணி நேரம்

திருப்பூரில் பனியன் கம்பெனி ஷிப்ட் காலை எட்டரைக்குத் தொடங்குகிறது. கம்பெனி வேன் அதற்கு வெகுமுன்பே ஊர் முனைக்கு வந்துவிடும். டெல்டாவில் நடவுக்குப் போகிற பெண்கள் வெயில் ஏறுவதற்குள் வயலில் இறங்க வேண்டும். வால்பாறைத் தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து பறிக்கப் போகிறவர்களும், சென்னையில் நான்கு வீடுகளில் பாத்திரம் துலக்குகிறவர்களும் பள்ளிமணி அடிக்கும் நேரத்தில் வீட்டில் இருப்பதில்லை. இவர்கள் வீட்டுப் பிள்ளைகள் காலையில் என்ன சாப்பிட்டார்கள்? முந்தைய இரவுச் சோறு மிஞ்சியிருந்தால் பழைய சோறு. இல்லாவிட்டால் தேநீரும் இரண்டு பிஸ்கட்டும், அல்லது கடையில் வாங்கித் தின்ன ஒரு நாணயம். பல வீடுகளில் எட்டு வயது அக்காவே ஐந்து வயதுத் தம்பிக்குத் தலைவாரிக் கூட்டி வருகிறாள்.

சென்னையில் ஒரு பள்ளி விழாவுக்குப் போனபோது பிள்ளைகள் சோர்ந்திருந்ததைக் கண்டு விசாரித்ததாகவும், காலையில் சாப்பிடாமல் வந்ததாக அவர்கள் சொன்னதாகவும், அதுவே இந்தத் திட்டத்துக்குத் தூண்டுதல் என்றும் திட்டத்தைத் தொடங்கிய முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் சொல்லியிருக்கிறார். எந்தத் தொடக்கப் பள்ளி ஆசிரியரும் இதை அவரிடம் சொல்லியிருக்கக்கூடும். வயிற்றுவலி என்று காலை பத்து மணிக்கு அழுகிற பிள்ளையிடம் ஆசிரியர் முதலில் கேட்கும் கேள்வி, “சாப்பிட்டியா?” என்பதுதான். மதியச் சத்துணவு பன்னிரண்டரைக்குப் பிறகுதான். கணக்கும் மொழிப்பாடமும் வழக்கமாகக் காலையில். ஆக, கவனம் மிகவும் தேவைப்பட்ட நேரம் பசி மிகவும் அழுத்தும் நேரமாகவும் இருந்தது.

இதில் தாயின் பக்கத்தையும் பார்க்க வேண்டும். வேன் ஏறும்போதே பிள்ளை சாப்பிடவில்லை என்பது அவளுக்குத் தெரியும். அந்த நினைப்பைச் சுமந்துகொண்டுதான் நாள் முழுக்கத் தையல் இயந்திரத்தில் உட்கார்ந்திருக்கிறாள். பணிச்சுமை என்று அரசாணை எழுதிய சொல்லுக்குள் அடுப்பு மூட்டும் வேலை மட்டும் அடங்கவில்லை. இந்த மனச்சுமையும் அதற்குள் இருக்கிறது. அதை அளக்கிற கருவி எந்தத் துறையிடமும் இல்லை.

திட்டம் வளர்ந்த விதம்

2022 மே மாதம் சட்டமன்றத்தில் அறிவிப்பு. அதே ஆண்டு செப்டம்பர் 15, அண்ணா பிறந்த நாளன்று, மதுரை ஆதிமூலம் மாநகராட்சித் தொடக்கப் பள்ளியில் தொடக்கம். முதற்கட்டத்தில் 1,545 பள்ளிகள், 1,14,095 பிள்ளைகள், 33.56 கோடி ரூபாய். எந்தப் பள்ளிகளைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பது கவனிக்கத்தக்கது. மாநகராட்சிப் பள்ளிகள் 417, நகராட்சிப் பள்ளிகள் 163, ஊராட்சிப் பகுதிப் பள்ளிகள் 728, தொலைதூர மலைக்கிராமப் பள்ளிகள் 237. நகரக் குடிசைப்பகுதி, சிற்றூர், மலை என்று மூன்று வகைக் காலைப்பொழுதுகளிலும் ஒரே நேரத்தில் சோதித்துப் பார்த்தார்கள். கிராமத்தில் மட்டும் தொடங்கியிருந்தால் நகரத்துச் சிக்கல்கள் ஓராண்டு கழித்துத்தான் தெரிந்திருக்கும்.

செலவை வகுத்துப் பார்த்தால் ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 2,940 ரூபாய் வருகிறது. பள்ளி நாட்கள் இருநூறு என்று வைத்துக்கொண்டாலும் நாளொன்றுக்குப் பதினைந்து ரூபாயை எட்டவில்லை. தெருமுனை டீக்கடையில் ஒரு டீயும் வடையும் வாங்குகிற காசு.

2023 ஆகஸ்ட் 25 அன்று, கருணாநிதி படித்த திருக்குவளைப் பள்ளியில், மாநிலம் முழுவதற்கும் விரிவாக்கம்: 31,008 அரசுப் பள்ளிகள், ஏறக்குறைய 15.75 லட்சம் பிள்ளைகள், 404 கோடி ரூபாய். அடுத்த இரண்டு கட்டங்கள் அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கானவை. காமராசர் பிறந்த நாளான 2024 ஜூலை 15 அன்று ஊரகப் பகுதிகளில் 3,995 பள்ளிகள். 2025 ஆகஸ்ட் 26 அன்று நகர்ப்புறங்களில் 2,429 பள்ளிகள். அப்போது அரசு சொன்ன மொத்தக் கணக்கு 37,416 பள்ளிகள், 20.59 லட்சம் பிள்ளைகள்.

உதவிபெறும் பள்ளிகள் காத்திருந்த காலத்தை இங்கே சொல்லாமல் விட முடியாது. ஒரே தெருவில், ஒரே கூலி வாங்கும் இரண்டு வீடுகள். ஒரு வீட்டுப் பிள்ளை அரசுப் பள்ளியில் பொங்கல் சாப்பிட்டது. பக்கத்து வீட்டுப் பிள்ளை மிஷன் பள்ளியில் படித்ததால் வெறும் வயிற்றோடு இருந்தது. நகர்ப்புறத்தில் இந்த வேறுபாடு இரண்டு ஆண்டுகள் நீடித்தது. இந்தப் பள்ளிகளில் மதியச் சத்துணவு ஏற்கெனவே நடந்துகொண்டுதான் இருந்தது. பசியைப் பள்ளியின் நிர்வாக வகையைக் கொண்டு பிரித்தது தவறு என்று நான் உறுதியாக நினைக்கிறேன். நிதி நெருக்கடி காரணமாக இருந்திருக்கலாம். ஆயினும் அந்த இரண்டு ஆண்டுகளில் ஐந்தாம் வகுப்பை முடித்துவிட்டுப் போன பிள்ளைகளுக்கு அந்த விளக்கம் எந்த வகையிலும் உதவவில்லை.

தட்டில் என்ன

ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு 50 கிராம் அரிசி அல்லது ரவை, கோதுமை ரவை, சேமியா; சாம்பாருக்கு 15 கிராம் பருப்பு; அந்தந்தப் பகுதியில் கிடைக்கும் காய்கறி. உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று நாளுக்கு ஒன்றாகப் பட்டியல். உள்ளூரில் விளையும் சிறுதானியங்களையும் பயன்படுத்தலாம் என்ற சலுகையும் உண்டு. திட்டம் தொடங்கியபோது வெள்ளிக்கிழமைக்குக் கேசரியும் இருந்தது.

திங்கட்கிழமை உப்புமாவுக்கு என்ன ஆனது என்பது ஒரு நல்ல செய்தி. பிள்ளைகள் அதை விரும்பிச் சாப்பிடவில்லை, மிச்சம் வைத்தார்கள். 2025இல் அரிசி உப்புமாவுக்குப் பதிலாகப் பொங்கலும் சாம்பாரும் தரப்படும் என்று அரசு அறிவித்தது. ஆறு வயதுப் பிள்ளைகள் தட்டில் மிச்சம் வைத்ததன் மூலம் சொன்ன கருத்து தலைமைச் செயலகம் வரை போய் ஆணையாகத் திரும்பியிருக்கிறது. பொதுவாக ஏழைக்குக் கொடுக்கும் உணவில் பிடித்தது, பிடிக்காதது என்ற பேச்சுக்கே இடம் தருவதில்லை. இங்கே தந்தார்கள்.

ஆனால் மூன்றாவது நோக்கமான இரத்தசோகை ஒழிப்பை வைத்துப் பார்த்தால் தட்டு இன்னும் போதாது. ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. நான்காவது ஆய்வில் 50.7ஆக இருந்தது, கூடியிருக்கிறது. அந்தக் குழந்தைகளில் பலர்தான் இப்போது தொடக்கப் பள்ளி வகுப்புகளில் உட்கார்ந்திருக்கிறார்கள். ரவையும் சேமியாவும் வயிற்றை நிரப்பும், இரும்புச்சத்துக்கு அவற்றை நம்ப முடியாது. கம்பும் கேழ்வரகும் கீரையும் சலுகையாக இல்லாமல் கட்டாயமாக வர வேண்டும். வட்டாரத்திலேயே கம்பு விளைகிற ஊரில் சேமியா பொட்டலம் பிரிப்பதற்கு நியாயம் இல்லை.

கரண்டி பிடிக்கிறவர்

இந்தத் திட்டத்தின் ஆகச் சிறந்த முடிவும், ஆகச் சிக்கலான முடிவும் ஒன்றே. சமைப்பதற்கு மகளிர் சுய உதவிக் குழு உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர் அதே ஊரில் குடியிருக்க வேண்டும். அவர் பிள்ளை அதே பள்ளியின் தொடக்க வகுப்பில் படிக்க வேண்டும். செயலியில் விவரம் பதிவதற்கு ஆண்ட்ராய்டு கைப்பேசி வைத்திருக்க வேண்டும். சென்னை, மதுரை போன்ற பெருநகரங்களில் மையச் சமையற்கூடங்களில் சமைத்து வாகனங்களில் பள்ளிகளுக்குக் கொண்டு போகிறார்கள். முதல் நாளன்றே மதுரை நெல்பேட்டைச் சமையற்கூடத்திலிருந்து வண்டிகள் கிளம்பின. சிற்றூர்களில் பள்ளி வளாகத்திலேயே அடுப்பு.

தன் பிள்ளையும் சாப்பிடப் போகிற உணவை ஒரு தாய் எப்படிச் சமைப்பார் என்பதற்கு எந்தக் கண்காணிப்புக் குழுவும் ஈடாகாது. அரிசியில் கல் பொறுக்குவது, பருப்பு வேகும்வரை காத்திருப்பது, காரம் குறைப்பது இவற்றையெல்லாம் சுற்றறிக்கை போட்டு வாங்க முடியாது. ஊரில் மற்ற தாய்மார்களுக்கும் கேள்வி கேட்க ஒரு முகம் கிடைத்தது. “இன்னைக்குச் சாம்பார்ல உப்பு தூக்கலா இருந்துச்சாமே?” என்று குழாயடியிலேயே கேட்டுவிடலாம். மனு எழுதத் தேவையில்லை. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் வாய் திறக்காத பெண்கள்கூட இதைக் கேட்பார்கள்.

மறுபுறம், சத்துணவு ஊழியர் சங்கங்கள் தொடக்கத்திலிருந்தே ஒரு கோரிக்கை வைத்து வருகின்றன. பல்லாண்டுகளாகப் பள்ளியில் சமைத்து வரும் எங்களிடமே காலை உணவையும் ஒப்படைத்திருக்கலாமே, புதிதாக ஓர் அமைப்பு எதற்கு என்பது அவர்கள் கேள்வி. அதில் நியாயம் உண்டு. சத்துணவு ஊழியர்களே காலமுறை ஊதியத்துக்காகப் பல்லாண்டுகளாகப் போராடி வருகிறார்கள். அவர்களுக்கும் கீழே, ஊக்கத்தொகையோடு மட்டும் இன்னொரு அடுக்கு உருவாகியிருக்கிறது. காலை ஐந்தரைக்கு எழுந்து பள்ளிக்குப் போய் அடுப்பு மூட்டி, எட்டே காலுக்குள் பரிமாறத் தயாராகி, பாத்திரம் கழுவி வைக்கிற பெண்ணுக்கு இது அரசுப் பணி என்ற பாதுகாப்பு எதுவும் இல்லை. இந்த ஆய்வு ஐந்தாவது நோக்கத்தைப் பற்றியது என்பதால் இதைக் கேட்டே ஆக வேண்டும்: நூறு தாய்மார்களின் காலைச் சுமையை இறக்கி வைக்கும் அந்த ஒரு தாயின் காலைச் சுமை எங்கே போகிறது? அவர் வீட்டுக் காலைச் சமையல் எத்தனை மணிக்கு நடக்கிறது?

உசிலம்பட்டியும் வேலன் செட்டியூரும்

திட்டம் மாநிலம் முழுக்க விரிந்த சில நாட்களிலேயே, 2023 செப்டம்பரில், இரண்டு ஊர்கள் செய்தியில் அடிபட்டன. ஒன்று கரூர் மாவட்டம் வேலன் செட்டியூர். மற்றொன்று தூத்துக்குடி மாவட்டம் எட்டயபுரத்தை அடுத்த உசிலம்பட்டி. இரண்டு இடங்களிலும் சமைத்தவர் பட்டியல் சாதிப் பெண் என்பதால் சில பெற்றோர் தம் பிள்ளைகளைச் சாப்பிட விடவில்லை என்ற புகார் எழுந்தது. கரூர் மாவட்ட ஆட்சியர் நேரில் போய்ப் பள்ளியில் சாப்பிட்டார், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் நடவடிக்கை வரும் என்று எச்சரித்தார். உசிலம்பட்டிக்கு நாடாளுமன்ற உறுப்பினர் கனிமொழியும் அமைச்சர் கீதா ஜீவனும் சென்று பிள்ளைகளோடு உட்கார்ந்து உண்டார்கள்.

குடும்பத்துக்கு உதவுகிற கொள்கை என்று பேசும்போது குடும்பம் என்பதை நாம் எப்போதும் பாதிக்கப்பட்ட தரப்பாகவே எண்ணிக்கொள்கிறோம். இந்த இரண்டு ஊர்களும் அதைக் கலைத்துப்போட்டன. இங்கே பிள்ளையின் தட்டைத் தட்டிவிட்டது குடும்பம். பள்ளி பிள்ளையின் பக்கம் நின்று குடும்பத்தோடு மோத வேண்டியிருந்தது. 2004 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் மதிய உணவுச் சமையலர் நியமனத்தில் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு முன்னுரிமை தர வேண்டும் என்று ஆணையிட்டபோது இதைத்தான் மனத்தில் வைத்திருந்தது. பள்ளிப் பந்தி சாதியை உடைக்கிற இடமாக வேண்டும் என்பது அதன் உட்பொருள்.

அரசு இந்த இரண்டு இடங்களிலும் சமையலரை மாற்றிச் சமாதானம் தேடவில்லை. அதுவே முக்கியம் என்பேன். ஊரில் அமைதி வேண்டும் என்று அவரை நீக்கியிருந்தால் அடுத்த நாளே பத்து ஊர்களில் இதே கோரிக்கை எழுந்திருக்கும். ஆனால் அமைச்சர் வந்து போன மறுவாரம் பள்ளியில் மிஞ்சியிருப்பவர்கள் தலைமை ஆசிரியரும் அந்தப் பெண்ணும் பிள்ளைகளும்தான். புகார் எழும் ஊரில் மாதக்கணக்கில் உடன் நிற்க ஓர் ஏற்பாடு வேண்டும். ஒரு நாள் பந்தியோடு அது முடிந்துவிடாது.

என்ன மாறியது

மாநிலத் திட்டக்குழு முதற்கட்டப் பள்ளிகளில் வருகைப் பதிவை ஆராய்ந்தது. 1,543 பள்ளிகளில் 1,319 பள்ளிகளில் வருகை கூடியிருந்தது. அவற்றுள் பெரும்பாலானவற்றில் உயர்வு 20 விழுக்காடு வரை. இதை அப்படியே திட்டத்தின் கணக்கில் எழுதிவிட நான் தயங்குகிறேன். முன்பு, பின்பு என்று ஒரே பள்ளியை ஒப்பிட்ட ஆய்வு அது. கொரோனாவுக்குப் பிறகு பள்ளிக்குத் திரும்பும் பழக்கம் மெல்ல மெல்ல மீண்டுகொண்டிருந்த காலம் வேறு. காலை உணவு இல்லாத பக்கத்துப் பள்ளிகளில் அதே மாதங்களில் என்ன நடந்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் உணவின் பங்கு பிரிந்து தெரியும். ஆனாலும் இத்தனை பள்ளிகளில் ஒரே திசையில் நகர்ந்ததை ஒதுக்கிவிட முடியாது. 2023 அக்டோபரில் தெலங்கானா தன் பள்ளிகளில் காலை உணவைத் தொடங்கியது, அதற்கு முன் அதன் அதிகாரிகள் இங்கே வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள்.

வருகைப் பதிவில் வராத ஒரு மாற்றம் எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிகிறது. பிள்ளைகள் எட்டு மணிக்கே பள்ளிக்கு வருகிறார்கள். வேன் ஏறும் தாய்க்கு உணவு எவ்வளவு பெரியதோ அவ்வளவு பெரியது இந்த ஒரு மணி நேரப் பாதுகாப்பு. அவள் கிளம்பும்போது பிள்ளையும் கிளம்புகிறது. பூட்டிய வீட்டு வாசலில் அது தனியாக நிற்பதில்லை. ஆனால் இந்த உதவி எந்த ஆவணத்திலும் எழுதப்படவில்லை. ஆகவே அதற்குப் பொறுப்பாளரும் தெளிவாக இல்லை. ஒன்பது மணி வரை அந்தப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது சமைக்கும் பெண்ணா, முன்னதாக வந்துவிடும் ஆசிரியரா? ஓராசிரியர், ஈராசிரியர் பள்ளிகளில் இது நாள்தோறும் எழும் கேள்வி. நடைமுறையில் மனசாட்சியுள்ள யாரோ ஒருவர் சீக்கிரம் வந்து பார்த்துக்கொள்கிறார். அவருக்கு அந்த நேரம் பணி நேரமாகக் கணக்கில் வருவதில்லை. காலை எட்டு முதல் ஒன்பது வரையிலான நேரத்தைக் குழந்தைப் பராமரிப்பு நேரம் என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டு, அதற்கு ஒருவரை நியமிப்பதுதான் ஐந்தாவது நோக்கத்தை நேர்மையாக நிறைவேற்றும் வழி.

அதே வேளையில் தலைமை ஆசிரியருக்கு ஒன்று கிடைத்திருக்கிறது. யார் இன்று சாப்பிடவில்லை, யாருக்குக் காய்ச்சல், யார் வீட்டில் நேற்றிரவு சண்டை என்பதெல்லாம் இப்போது முதல் மணி அடிப்பதற்கு முன்பே தட்டுக்கு முன்னால் தெரிந்துவிடுகிறது. பெற்றோர் கூட்டத்துக்கு வராத தாயும் பிள்ளையைத் தட்டுக்கு முன்னால் உட்கார வைத்துவிட்டு ஒரு நிமிடம் நின்று பேசிவிட்டுப் போகிறார்.

ஆறாம் வகுப்பு

திட்டம் ஒன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை. சிற்றூர்களில் பல பள்ளிகள் எட்டாம் வகுப்பு வரை உள்ள நடுநிலைப் பள்ளிகள். அங்கே ஒரே வளாகம், ஒரே சமையற்கூடம், ஒரே வாசனை. ஐந்தாம் வகுப்புத் தங்கை தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் நிற்கிறாள். அவளைக் கையைப் பிடித்து அழைத்து வந்த ஆறாம் வகுப்பு அண்ணன் தாழ்வாரத்தில் காத்திருக்கிறான். அவர்கள் தாய் கிளம்பும் நேரம் மாறவில்லை, வீட்டு அடுப்பும் அதே நேரத்தில்தான் அணைந்திருக்கிறது. பதினோரு வயதில் வளர்ச்சி வேகமெடுக்கிறது; பெண் பிள்ளைகளுக்கு இரத்தசோகை முற்றுகிற பருவமும் அதுதான். மதியச் சத்துணவு பத்தாம் வகுப்பு வரை உண்டு. காலை உணவு மட்டும் ஐந்தில் நின்றுவிடுகிறது. குறைந்தபட்சம் நடுநிலைப் பள்ளிகளில் எட்டாம் வகுப்பு வரை நீட்டுவதற்குப் புதிதாக ஒரு சமையற்கூடம்கூடக் கட்ட வேண்டியதில்லை.

இந்த ஐந்தாம் வகுப்பு எல்லைக்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. சமைப்பவரின் பிள்ளை அதே பள்ளியின் தொடக்க வகுப்பில் படிக்க வேண்டும் என்பது விதி. பிள்ளை ஐந்தாம் வகுப்பை முடித்துவிட்டால், கீழ் வகுப்பில் இன்னொரு பிள்ளை இல்லாத நிலையில், அவர் வேறொரு தாய்க்கு இடம்விட வேண்டும். நூறு பேருக்குப் பொங்கல் பதமாக இறக்கக் கற்றுக்கொண்டு, எந்தப் பிள்ளைக்கு மிளகு ஒத்துக்கொள்ளாது என்பது வரை தெரிந்து வைத்திருக்கும் நேரத்தில் அந்த வேலை போகிறது. ஏப்ரல் கடைசியில் அந்த வீட்டில் பிள்ளைக்குக் காலைத் தட்டு நிற்கிறது. தாய்க்கு மாத வருமானமும் அன்றே நிற்கிறது. ஜூன் மாதம் பள்ளி திறக்கும் நாளில் அவர் பழையபடி நடவுக்கோ கம்பெனி வேனுக்கோ கிளம்புகிறார், பிள்ளை ஆறாம் வகுப்புக்கு.